நாலாவது பாட்டில்

1

இந்தக் கதை அக்காவிடமிருந்து திருடியது. அவள் ஒரு பல்கலைக்கழகத்தில் ஆபத்தான வேதிப்பொருள்களின் பட்டியலைப் பார்த்துக்கொள்கிறாள். எந்த லேபில் எது, எத்தனை பாட்டில், என்றைக்குத் திறந்தது என்பதெல்லாம் அவள் பொறுப்பு. நேற்று மாலை போனில் புலம்பி முடித்துவிட்டு, “இதையும் எழுதித் தொலைச்சிடாதடா” என்றாள். பாலுக்குப் பூனையைக் காவல் வைத்தாள்.

முதல் வரியாக இதைப் போட்டேன்: ‘அலமாரியின் இருட்டில், கண்ணாடிக்குள் மரணம் மௌனமாக—’

வேண்டாம். அந்த அறையில் பகலிலும் நாலு டியூப்லைட் எரியுமாம்.

2

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். வருடாந்திரக் கணக்கெடுப்பு. அக்கா பட்டியலைப் படிப்பாள், லேப் ஆள் அலமாரியைத் திறந்து காட்டுவார். காலையில் கீழ்மாடி லேபில் ஈதர் இரண்டு பாட்டில், சரி. அங்கே அவள் பேனா கசிந்து ஒரு பாட்டிலின் லேபிளில் நீலக் கறை பட்டது. மதியம் மேல்மாடியில் ஈதர் நாலு, சரி. கையெழுத்துப் போட்டாள். வீட்டுக்கு வந்து விரல் மையைக் கழுவும்போதுதான் உறைத்தது. மேல்மாடியில் பார்த்த நாலாவது பாட்டிலிலும் அதே நீலக் கறை.

(கணக்கெடுப்பு அன்று லேப்கள் பாட்டில்களைக் கைமாற்றிக்கொள்வது அங்கே ஊரறிந்த ரகசியமாம். எண்ணிக்கை உதைத்தால் மூன்று படிவம் நிரப்ப வேண்டும். யார் நிரப்புவது?)

அப்படியென்றால் உண்மையான நாலாவது பாட்டில் எங்கே? பட்டியல்படி, அதைத் திறந்து எட்டு வருடமாகிறது.

(வேதியியல் தெரியாதவர்களுக்கு, அதாவது எனக்கு: திறந்த ஈதரை வருடக்கணக்கில் வைத்திருந்தால் உள்ளே வேறொன்று உண்டாகும். அப்புறம் மூடியைத் திருகினாலே வெடிக்கலாம்.)

3

கதைக்கு வில்லன் வேண்டுமே. மேல்மாடி டெக்னீஷியனைப் பிடித்தேன். ‘அவள் கள்ளச் சிரிப்போடு அலமாரியை’ என்று எழுதும்போதே, அவளை விசாரித்தபோது நடந்ததாக அக்கா சொன்ன பேச்சு குறுக்கே வந்துவிட்டது.

“ஒரு பாட்டில்தானேக்கா, அடுத்த மாசம் வாங்கி வச்சிடறேன்.”

“புதுசு வந்துட்டா பழசு எங்கேன்னு தெரிஞ்சிடுமா?”

“சத்தியமா தெரியாதுக்கா. நான் சேர்ந்தப்பவே மூணுதான். போன வருஷமும் கீழேருந்துதான் கேட்டு வாங்கி வச்சேன்.”

போன வருடமும் கையெழுத்துப் போட்டது அக்காதான். வில்லனைக் கோடு போட்டு அடித்துவிட்டேன்.

4

முடிவுகள்:

(அ) அந்தப் பாட்டிலை என்றோ முறைப்படி அப்புறப்படுத்திவிட்டார்கள். பட்டியலிலிருந்து அடிக்க மறந்துபோனார்கள். இப்படித்தான் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

(ஆ) வேறொரு அறை, பின்வரிசை. யாரோ துடைப்பதற்காக அதை எடுத்து மூடியை—

இதை எழுத மாட்டேன். என் அக்கா அந்தக் கட்டடத்துக்குள்தான் இருக்கிறாள். எனக்குப் பயமாக இருக்கிறது.

(இ) அக்கா வாயை மூடிக்கொள்கிறாள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், இந்த முடிவை அவளுக்குச் சொன்னதே நான்தான்.

“பேசாம விட்டுடுக்கா. ரிட்டயர் ஆக ரெண்டு வருஷம்தான் இருக்கு.”

“விட்டுட்டா பட்டியல்ல நாலுன்னே நின்னுடும்டா. பட்டியல்ல இருக்கறத யாரு தேடப் போறாங்க?”

5

இன்று காலை, இரண்டு வருடக் கையெழுத்தும் தப்பு என்று அவளே எழுதிக் கொடுத்துவிட்டாள். வேலை நிலைக்குமா, தெரியாது. இப்போது பாதுகாப்புக் குழுவோடு அறை அறையாகத் தேடிக்கொண்டிருக்கிறாள். “நீ வெளியே நில்லேன்” என்று கெஞ்சினேன். “எனக்குத்தானேடா எல்லா அலமாரியும் தெரியும்” என்று போனை வைத்துவிட்டாள்.

ஆகவே என்னிடம் முடிவு இல்லை. உங்களில் யாராவது அந்தக் கட்டடத்தில் வேலை செய்தால், கதையை இங்கேயே விட்டுவிட்டு உங்கள் அலமாரியின் பின்வரிசையைப் பாருங்கள். மூடியோரம் வெள்ளையாகப் படிகம் கட்டிய பழைய பாட்டில் இருந்தால் தொடாதீர்கள், நகர்த்தாதீர்கள். கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்து அக்காவைக் கூப்பிடுங்கள். இல்லையென்றால், இல்லை என்பதையும் சொல்லுங்கள்.

அவளுக்கு இன்னும் மூன்று மாடி பாக்கி.