பவுனம்மாள் சொல்லிவைத்த கல்யாணம்

நாகையா கூடாரத்துக் கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டிக்கொண்டிருந்தார். தெருப் பையன்கள் போட்ட முடிச்சு அவருக்குப் பிடிக்கவில்லை. மழை வந்தால் ஒரு பக்கம் தண்ணீர் தேங்கி, கான்வாஸ் துணி அப்படியே சனங்கள் தலையில் இறங்கிவிடும்.

"மாமா, உள்ள போய் ஒக்காருங்க. பொண்டாட்டிய பறிகொடுத்த ஆளு கயிறு கட்டிக்கிட்டு நின்னா நாலு பேரு என்ன பேசுவாங்க?" என்றான் அடுத்த வீட்டுத் தம்புசாமி.

"ஒக்காந்தா எந்திரிக்க மாட்டேன்டா."

உண்மைதான். போர்ட் கிள்ளான் துறைமுகக் குடோனில் மூட்டை தூக்கித் தேய்ந்த முதுகு. அதன்மேல் ஆஸ்பத்திரி பெஞ்சில் கழித்த இரவுகள். அழுவதுகூட இன்னொரு மூட்டையைத் தூக்குவதுபோல இருந்தது. அப்புறம் தூக்கிக்கொள்ளலாம் என்று இறக்கி வைத்திருந்தார்.

கூடத்தில் பவுனம்மாள் தெற்கே தலைவைத்துக் கிடந்தாள். சுமங்கலியாகப் போகிறவள் என்று சிவப்புப் புடவை கட்டியிருந்தார்கள். தலைமாட்டில் அவள் அக்காள் மாரியாயி. காஜாங்கிலிருந்து விடியற்காலையிலேயே வந்து, யார் எங்கே உட்காருவது என்பதிலிருந்து தேத்தண்ணிக்கு எவ்வளவு சீனி என்பதுவரை அதிகாரம் செய்துகொண்டிருந்தாள்.

பகல் சாப்பாட்டு நேரம் தாண்டி ஒரு டாக்சி வந்து நின்றது. வெள்ளைப் புடவையில், கைத்தடி ஊன்றி ஒரு கிழவி இறங்கினாள். பிரிக்பீல்ட்ஸ் மீனலோசனி அம்மா. ரயில்வேயில் கணக்கெழுதும் கிராணியாக இருந்த சிவசம்புவின் விதவை. பவுனம்மாள் வருசக்கணக்காகக் காலை ரயிலேறிப் போய் வேலை பார்த்தது அந்த வீட்டில்தான். வேலை முடிந்ததும் பார்வை மங்கிய அந்த அம்மாவுக்கு ராஜா ராணி நாவல்களை வாசித்துக் காட்டுவாள். பிறகு அதே புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து இவருக்கும் கதை சொல்லுவாள்.

எல்லாம் ஒரே மாதிரிக் கதைதான். இளவரசன் வியாபாரி வேடத்தில் வருவான். பெண்ணுக்கு அப்பன் எவனோ ஒரு கிழட்டுச் சிற்றரசனை நிச்சயம் பண்ணி வைத்திருப்பான். ஒரு சுரங்கம் இருக்கும். உதவிக்கு ஒரு தோழி இருப்பாள். தோளில் வெட்டு வாங்கிக்கொண்டு அவன் பாழ்மண்டபத்தில் விழ, இவள் பச்சிலை அரைத்துக் கட்டுவாள்.

"அந்தப் பயலுக்கு நாட்டுல வேற வேலவெட்டியே இல்லியா?" என்பார் நாகையா.

"ஒங்களுக்கு என்னா தெரியும்? மூட்டையப் பத்திக் கேட்டாத்தான் சொல்லுவீங்க."

நாற்பது வயதுக்குமேல் அவருக்கு எழுத்துக் கற்றுக்கொடுத்தவளும் அவள்தான், அதே புத்தகங்களை வைத்து. முதன்முதலாக அவர் எழுத்துக்கூட்டிப் படித்த வார்த்தை 'குதிரை'. குதிரையை அவர் பக்கத்தில் பார்த்ததுகூட இல்லை.

மீனலோசனி அம்மா பவுனம்மாளின் காலைத் தொட்டுவிட்டு நிமிர்ந்தாள். கண்ணைச் சுருக்கி நாகையாவைத் தேடிப் பிடித்தாள்.

"நீங்கள்தானே அந்த வளையல்காரர்?"

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"எனக்குத் தெரியாதெண்டு நினைக்காதேங்கோ. பவுனம் எல்லாம் சொன்னவள். தோட்டத்துக்குள்ள வளையல் விக்கிற ஆள் மாதிரி வந்தது. கையப் பிடிச்சு வளையல் போடேக்குள்ள கண்ணால கதைச்சது. தகப்பன் கங்காணியின்ர கிழட்டு மச்சானுக்குப் பேசி வச்சிருக்க, நீங்கள் கலியாணத்துக்கு முதல்நாள் லோரியில ஏத்திக்கொண்டு போனது. தோள்ல வெட்டுப்பட்டது. அவள் மருந்து கட்டினது. கேக்கேக்குள்ள எனக்குப் புல்லரிக்கும்."

சுற்றியிருந்த பெண்கள் அழுகையை நிறுத்திவிட்டு நகர்ந்து உட்கார்ந்தார்கள். இந்தப் பெரியவரா? என்பதுபோல ஒருத்தி அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

நாகையாவின் தோளில் தழும்பு உண்டு. குடோனில் மூட்டைக் கொக்கி கிழித்தது. பவுனம்மாள் மஞ்சள் அரைத்துக் கட்டியது உண்மை, கட்டும்போது அழுததும் உண்மை. மற்றதெல்லாம் புத்தகம்.

நடந்தது வேறு. அவர் பெண் பார்க்கப் போனது மாரியாயியை. மாமன்காரரோடு போய் வடை தின்றுகொண்டிருக்கும்போது, "மூட்ட தூக்குறவனுக்கா என்னக் குடுக்கப் போறீங்க?" என்று உள்ளேயிருந்து அவள் குரல் கேட்டது. சட்டையைச் சரிசெய்துகொண்டு எழுந்துவிட்டார்கள். அப்போது காப்பி கொண்டுவந்த தங்கச்சிக்காரி, தட்டைக் கீழே வைக்காமலே, "நான் கட்டிக்கிறேன்" என்றாள். ஏன் என்று பிற்பாடு ஒருதடவை கேட்டார். "ஒங்க மொகத்தப் பாக்க முடியல" என்றாள். அவ்வளவுதான் அவர்கள் கதை.

மாரியாயி தலைமாட்டிலிருந்து எழுந்து நின்றாள். "வளையல்காரரா? இவரா? என்னாம்மா பேசறீங்க? எங்க வூட்டுல என்னா நடந்துச்சின்னு..."

நாகையா ஓரடி முன்னே வந்தார். இவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஊர் சிரிக்கும். பவுனம்மாள் இத்தனை வருசம் அந்த வீட்டில் ரத்தினமாகச் சேர்த்து வைத்ததெல்லாம், சாவு வீட்டில், அவள் கிடக்கும்போதே பொய்யாகிவிடும். படுத்துக் கிடப்பவள் எழுந்து வந்தா பதில் சொல்லப் போகிறாள்? வாயைத் திறந்தார்.

"பொறு பிள்ளை," என்றாள் மீனலோசனி அம்மா. "அந்தத் தமக்கை ஆர்? அவவும் வந்திருக்கிறாவோ? பின்கதவைத் திறந்துவிட்டு, தங்கச்சிய அனுப்பிப்போட்டு, தகப்பன்ர அடி முழுக்கத் தான் வாங்கின பெட்டை. அவவைப்பற்றிச் சொல்லேக்குள்ளதான் பவுனம் நல்லா அழுவாள். அக்கா இல்லாட்டி எனக்கு வாழ்க்கையே இல்லையெண்டு."

மாரியாயியின் வாய் திறந்தபடியே நின்றது. வெளியே தம்புசாமி யாரையோ வேனைத் தள்ளி நிறுத்தச் சொல்லிக்கொண்டிருந்தான்.

"இவங்கதாம்மா," என்றார் நாகையா. "இவங்கதான் கதவத் தொறந்து வுட்டது."

மீனலோசனி அம்மா தடவிப்போய் மாரியாயியின் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். மாரியாயி விலகவில்லை. நாகையாவை ஒருதரம் பார்த்தாள். பெண் பார்க்க வந்த நாளுக்குப் பிறகு அவள் அவரை நேராகப் பார்த்தது அப்போதுதான்.

பொழுது இறங்கியது. தலைக்கு மேல் கான்வாஸில் மழை விழத் தொடங்கியது. பெண்கள் பூவும் மஞ்சளும் கண்ணாடி வளையலும் தட்டில் கொண்டுவந்தார்கள். ஒருத்தி வளையலை எடுக்கவும் மீனலோசனி அம்மா கைத்தடியால் தரையைத் தட்டினாள்.

"அதை அவர் போடட்டும். முதல் போட்டவர் அவர்தானே."

"ஆம்பள எப்படிம்மா? அது வழக்கமில்லியே," என்று ஒருத்தி இழுத்தாள்.

எல்லோரும் மாரியாயியைப் பார்த்தார்கள். மாரியாயி தட்டை நாகையா பக்கம் நகர்த்தி வைத்தாள்.

நாகையா பவுனம்மாள் பக்கத்தில் உட்கார்ந்தார். அன்று முழுக்க உட்காராத மனிதர். முட்டி மடங்கும்போது சத்தம் கேட்டது. பச்சை வளையல் ஒன்றை எடுத்தார். அவருடைய விரல்களில் அது காகிதம்போல இருந்தது. ஆயுசில் ஒரு வளையலை யாருக்கும் போட்டறியாதவர். கை விறைத்து, வீங்கியும் இருந்தது. விரல் கணுவிலேயே வளையல் நின்றுவிட்டது. அழுத்தினால் உடையும்.

மாரியாயி எழுந்து உள்ளே போனாள். தேங்காயெண்ணெய்ப் போத்தலோடு திரும்பி வந்து அவருக்கு எதிரே அமர்ந்தாள். தங்கச்சியின் கையில் எண்ணெயைத் தேய்த்து, பெருவிரலை உள்ளங்கைப் பக்கம் மடக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"மெதுவா," என்றாள். "கொஞ்சம் சாய்ச்சுத் தள்ளுங்க."