பாக்கெட்டின் பின்பக்கம்

மூன்று மாதமாக கரோலின் கேக்கைத் தொடவில்லை. போண்டா, பரோட்டா எதுவும் கிடையாது. சர்ச்சில் அறுப்பின் பண்டிகை அன்று எல்லோரும் பிரியாணி சாப்பிட, அவள் மட்டும் வீட்டிலிருந்து கொண்டுபோன பிரவுன் பிரெட்டையும் வெள்ளரிக்காயையும் மென்றுகொண்டிருந்தாள். "இன்னா கரோலின், உபவாசமா?" என்று நாலு பேர் கேட்டார்கள். சிரித்துச் சமாளித்தாள்.

அப்படி வாயைக் கட்டியும், ரிப்போர்ட்டில் மூன்று மாதச் சர்க்கரை எட்டு புள்ளி நாலிலிருந்து எட்டு புள்ளி ஆறுக்கு ஏறியிருந்தது.

"யாருக்கும் தெரியாம எதுனா சாப்பிடறீங்களாம்மா?" என்று கேட்டார் டாக்டர்.

நாற்பத்து மூன்று வயதில் திருட்டுத் தீனிப் பட்டம். அவளுக்குக் காது சூடாகிவிட்டது. "சத்தியமா இல்ல சார். காலைல பிரவுன் பிரெட். பெங்களூர்ல ஆபீஸ், அங்கயும் அதான். சாயந்திரம் ரயில்ல ராகி பிஸ்கட்."

"அந்தப் பாக்கெட்டத் திருப்பிப் பாத்தீங்களா? பாக்கெட்ல வர்றத விடுங்கம்மா. தானியத்த தானியமா சாப்பிடுங்க."

சாம்பியன் ரீப்ஸ் பகுதியில் இருக்கும் வீட்டுக்கு வந்ததும், செருப்பைக்கூடக் கழற்றாமல் பிரெட் பாக்கெட்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். எறும்பு சைஸ் எழுத்து. முதலில் மைதா. அப்புறம் சர்க்கரை. கோதுமைத் தவிடு ஆறாவதாக வந்தது. அதற்கும் முன்னால் ஏதோ ஒரு கலர். பிஸ்கட்டில் ராகி நூற்றுக்கு நாலு.

இரண்டையும் பையில் போட்டுக்கொண்டு ஆட்டோ பிடித்து ராபர்ட்சன்பேட்டைக் கடைவீதிக்குப் போனாள். வாங்கியது அங்கே உமேஷ் மளிகைக் கடையில்.

"இத ஹெல்தின்னு சொல்லித்தானே குடுத்த?"

உமேஷ் பாக்கெட்டைப் புரட்டிப் பார்த்தான். "அக்கா, கம்பெனிக்காரன் போட்டிருக்கான், நான் சொன்னேன். நீங்கதானே பிரவுன் கேட்டீங்க?"

"உங்க வீட்ல இததான் சாப்பிடறீங்களா?"

"ஐயோ, இல்லக்கா. அம்மாக்கு சுகர். நாங்க ராகிக் களிதான்." சொன்ன பிறகுதான் சொல்லியிருக்கக் கூடாது என்று அவனுக்கு உறைத்தது. பார்வையைத் தராசுப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

கரோலின் கடைக்குள் எட்டிப் பார்த்தாள். அந்தக் கடையிலேயே பின்பக்கம் மூட்டையில் ராகி இருந்தது, பச்சைப்பயறு இருந்தது, கொள்ளு இருந்தது. மூன்று மாதமாக அதைத் தாண்டித்தான் பிரெட் வாங்கியிருக்கிறாள். இரண்டு கிலோ ராகியை அளக்கச் சொல்லி வாங்கி, பக்கத்து மில்லில் அரைத்துக்கொண்டு வீடு வந்தாள்.

சாயந்திரம் ஷிப்ட் முடிந்து கணவர் டென்னிஸ் வந்தபோது அவள் அடுப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். பாத்திரம் வழுக்கியது. மாவு கட்டி கட்டியாகத் திரண்டு, உடைக்க உடைக்க உள்ளே வேகாத மாவு தெரிந்தது.

"இன்னா, சிமெண்ட் கலக்கறியா?" என்று டென்னிஸ் சிரித்தார்.

அவ்வளவுதான். கரண்டியைத் தொட்டியில் வீசினாள். "சிரிங்க! மூணு மாசம் காஞ்ச ரொட்டிய தின்னேன். எல்லாம் மைதா. இப்ப இத சாப்பிடணுமாம். விடிகாலைல ரயிலுக்கு ஓடறவ இத எப்ப கிண்டறது? யாரு கிண்டறது? நீங்களா?"

டென்னிஸ் கரண்டியைத் தொட்டியிலிருந்து எடுத்தார். கை கழுவிக்கொண்டு வந்து, பாத்திரத்தை இடுக்கியால் அழுத்திப் பிடித்துக் கிண்டினார். பலம் இருந்தது, பக்குவம் இல்லை. அடி பிடித்துத் தீய்ந்த வாடை வந்தது. "தண்ணி தெளிங்க" என்று அவள் கத்த, "எவ்ளோ?" என்று அவர் கத்த, கடைசியில் தீயாத மேல்பாதியைத் தட்டில் கவிழ்த்தார்கள். கீரைக் கடைசலோடு, கட்டிகளை விரலால் ஒதுக்கி ஒதுக்கிச் சாப்பிட்டாள். ருசியில்லை. வயிறு மட்டும் நிறைந்தது.

"காலைல நான் கிண்டறேன்" என்றார் டென்னிஸ்.

கிண்டினார். மறுபடியும் அடி பிடித்தது. அந்த வாரம் ஒருநாள் ரயிலும் தவறியது. பத்து நாள் கழித்துத்தான் கட்டியில்லாத களி உருண்டை டப்பாவில் ஏறியது.

அடுத்த ரிப்போர்ட்டில் ஏழு புள்ளி எட்டு. டாக்டர் பாராட்டினார். வெளியே வந்து டென்னிஸ் வண்டியில் ஏறிய கரோலின் ரிப்போர்ட்டைக் கசக்கிப் பைக்குள் திணித்தாள்.

"கொறஞ்சிருக்குதே, இன்னும் ஏன் கோவம்?" என்றார் அவர்.

"அந்த மூணு மாசத்த யாரு திருப்பித் தருவாங்க?" என்றாள்.