கட்டையில் சிக்கிய திருப்புக்குச்சி

மான் வேட்டை தொடங்க ஒரு வாரம் இருக்கும்போது டெல்மர் ஹாக்ஸ்டாட்டின் துப்பாக்கி எல்லாத் தோட்டாவையும் இடது பக்கமாகவே அனுப்பத் தொடங்கியது. முதலில் காற்றைக் குறை சொன்னான். பிறகு துப்பாக்கிமேல் மாட்டியிருந்த தொலைநோக்கியை. கடைசியில் பக்கத்தில் நின்ற என்னை. நான் காப்பியை உறிஞ்சுகிற சத்தத்தில் அவன் கை நடுங்குகிறதாம்.

நான் சட்டைப்பையிலிருந்து ஒரு டாலர் தாளை எடுத்து, குழலுக்கும் அதைத் தாங்குகிற கட்டைக்கும் நடுவே நுழைத்து இழுத்தேன். கட்டை குழலைத் தொடக்கூடாது. தாள் தடையில்லாமல் ஓட வேண்டும். பாதி தூரத்தில் நின்றுவிட்டது. கட்டை பிளாஸ்டிக். கோடை முழுக்க நிலவறையில் வெந்நீர்க் கொதிகலன்மேல் சாய்த்து வைத்திருந்ததில் அதன் முன்பகுதி வெள்ளரிக்காய் மாதிரி வளைந்து குழலை இடித்துக்கொண்டிருந்தது.

உப்புத்தாளால் உள்பக்கம் கொஞ்சம் தேய்த்தால் போதும் என்றேன்.

"தேய்ச்சாலும் வளைஞ்சேதான இருக்கும்? எவனாவது பாத்தா என்ன நெனைப்பான்?"

"உன் துப்பாக்கிய எவன் குனிஞ்சு பாக்கப் போறான்?"

"நீ பாத்தியே" என்றான் டெல்மர்.

அவன் மனைவி ஆர்டிஸ் அன்று காலை தேவாலயத்தில் உருளைக்கிழங்கு உரிக்கப் போயிருந்தாள். மதியத்துக்குமேல் அங்கே லெஃப்சே சுடுகிற வேலை. எங்கள் வடக்கு மின்னசோட்டாவில், நார்வே வழி வந்த குடும்பங்களில், நவம்பர் மாதம் உருளைக்கிழங்கு மாவில் இந்த மெல்லிய ரொட்டியைச் சுடாவிட்டால் வருடம் முடிந்ததாகவே கணக்கில்லை. ஆக, சமையலறை எங்கள் கையில் இருந்தது.

டெல்மர் துப்பாக்கியின் இரும்பு பாகத்தையெல்லாம் கழற்றிக் கட்டில்மேல் வைத்தான். ஊறுகாய் புட்டிகளை வேகவைக்கிற பெரிய பாத்திரத்தில் தண்ணீர் கொதித்தது. கட்டையின் முன்பகுதியை அதில் தலைகீழாக நிறுத்தினோம். பிளாஸ்டிக் இளகியதும், குழல் உட்காரும் பள்ளத்தில் நேரான ஏதாவது ஒன்றை வைத்து இறுக்கிக் கட்டிக் குளிரவிட வேண்டும். நேரான பொருளைத் தேடி வீடு முழுக்க அலைந்தோம். துடைப்பக் கம்பு தடிமன் அதிகம். மீன்தூண்டில் வளைந்தது. அப்போதுதான் டெல்மரின் கண் அடுப்புக்குமேல் மாட்டியிருந்த திருப்புக்குச்சிமேல் விழுந்தது. லெஃப்சேயைக் கல்லிலிருந்து கிழியாமல் புரட்டுகிற தட்டையான நீண்ட குச்சி அது.

வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வாய்க்குள் முனகினேன், அவ்வளவுதான்.

குச்சியை, முனை முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும்படி பள்ளத்தில் செருகி, ஹாக்கி மட்டைக்குச் சுற்றுகிற நாடாவால் சுற்றி, மறுபடி வெந்நீரில் முக்கி, வாசலில் பனிக்குள் புதைத்தோம். எடுத்து நாடாவைப் பிரித்துப் பார்த்தால் கட்டை அளவுகோல் வைத்துக் கோடு போட்டது மாதிரி நேராக இருந்தது. டெல்மர் என் முதுகில் தட்டினான். பிறகு குச்சியை இழுத்தான். வரவில்லை.

பிளாஸ்டிக் குளிரில் சுருங்கியிருந்தது, மரம் வெந்நீர் குடித்து ஊதியிருந்தது. அவன் ஒரு முனையும் நான் ஒரு முனையும் பிடித்துச் சமையலறைத் தரையில் உட்கார்ந்து, பாதத்தோடு பாதம் உதைத்து இழுத்தோம். நாங்கள்தான் வழுக்கினோம். திரும்ப வெந்நீரில் போட்டதில் குச்சி இன்னும் கொஞ்சம் ஊதியது.

அந்த நிலையில், திருப்புக்குச்சியை எடுத்துப்போக ஆர்டிஸ் வந்தாள். தரையில் கிடந்த எங்களைப் பார்த்தாள், கட்டையைப் பார்த்தாள், கையுறையை ஒவ்வொரு விரலாகக் கழற்றினாள்.

"அது என் குச்சியா?"

ஆமாம் என்றான் டெல்மர். அறுத்து எடுத்துவிடலாம் என்றும் சொன்னான்.

"எத அறுப்ப?"

அடுத்தவள் குச்சியில் ஆர்டிஸ் ஒரு ரொட்டிகூடத் திருப்பமாட்டாள் என்பது ஊருக்கே தெரியும். கட்டையோடு சேர்த்து அதைத் தோளில் சாய்த்துக்கொண்டு, "வண்டிய எடு" என்றாள்.

தேவாலயத்தின் கீழ்த்தளக் கதவில், உள்ளே துப்பாக்கி கொண்டுவரக்கூடாது என்று ஓர் அட்டை ஒட்டியிருக்கும். மாதர் குழுத் தலைவி லவோன் அந்த அட்டையையும் ஆர்டிஸின் தோளையும் மாறி மாறிப் பார்த்து, "இது கொஞ்சம் வித்தியாசமா இருக்கு" என்றாள். எங்கள் பக்கத்தில் இதைவிடக் கடுமையாக யாரும் பேசமாட்டார்கள்.

குழலில்லாத கட்டை துப்பாக்கியா இல்லையா என்று பேச்சு ஆரம்பித்தது. ஒருத்தி, கார் இருக்கையை மட்டும் தூக்கி வந்தால் அது கார் ஆகுமா என்று கேட்டாள். இன்னொருத்தி, நோக்கம் எங்கே இருக்கிறதோ அதுதான் பொருள் என்றாள். பாஸ்டர் கிறிஸ்டினை மேலிருந்து கூட்டி வந்தார்கள். அவர் கைகட்டி நின்று நிறைய நேரம் யோசித்தார். கல் காய்ந்து புகைந்துகொண்டிருந்தது.

"இதால இன்னைக்கி என்ன பண்ணப் போறீங்க, ஆர்டிஸ்?"

"ரொட்டி திருப்பப் போறேன், பாஸ்டர்."

"அப்போ அது கரண்டி" என்றார் அவர். அதையும் கைதூக்கச் சொல்லி வாக்கெடுத்த பிறகுதான் லவோன் வழிவிட்டாள்.

ஆர்டிஸ் கட்டையின் பின்புறத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டாள். விரல்கள் கைப்பிடியில் தாமாகப் போய் உட்கார்ந்தன. குச்சியை ரொட்டிக்கு அடியில் விட்டு, தோளை லேசாகத் திருப்பினாள். ரொட்டி புரண்டு விழுந்தது. அடுத்ததும் அப்படியே. மாவு தேய்த்துக்கொண்டிருந்தவர்கள் அவள் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் திணறினார்கள். மணிக்கட்டை அவள் அசைக்கவே இல்லை.

லவோன் எங்களுக்குக் காப்பி ஊற்றும்போது டெல்மரிடம் சொன்னாள்: "நல்ல காரியம் பண்ணின. கை வலி தாங்கல, இந்த வருஷத்தோட விட்டுடறேன்னு ஆர்டிஸ் காலைலகூட சொல்லிட்டிருந்தா."

டெல்மருக்கு அது தெரியாது. முகத்தைப் பார்த்தே எனக்குப் புரிந்தது. அவன் கோப்பையை வைத்துவிட்டுப் போய்க் கல்லுக்குப் பக்கத்தில் நின்றான்.

"எப்போலேருந்து வலிக்குது?"

"போன வருஷத்துலேருந்து. தள்ளி நில்லு, மாவு படும்."

"எங்கிட்ட சொல்லலியே."

"நீ கட்டையப் பாத்துட்டிருந்த" என்றாள் ஆர்டிஸ். கோபமாகச் சொல்லவில்லை.

அவன் தள்ளி நிற்கவில்லை. சுட்ட ரொட்டிகளைத் துணிக்கு நடுவில் அடுக்க ஆரம்பித்தான். மோசமாகத்தான் அடுக்கினான், லவோன் பின்னாலேயே போய்ச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

கல்லின் சூட்டில் குச்சி காய்ந்து, வேலை முடிகிற நேரத்தில் கட்டையிலிருந்து தானாகவே நழுவி விழுந்தது. கட்டை இப்போதும் நேராக இருந்தது. டெல்மர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு வீட்டுக்குப் போய்த் துளைக்கருவியை எடுத்து, குச்சியைப் பழையபடி பள்ளத்தில் வைத்து இரண்டு திருகாணி போட்டு முடுக்கிவிட்டான். ஆர்டிஸ் ஒரு முறை ஆட்டிப் பார்த்துவிட்டு அதை அடுப்புக்குமேல் மாட்டினாள்.

துப்பாக்கியின் இரும்பு பாகம் கட்டில்மேலேயே கிடந்தது. புதுக் கட்டை கடைசி நேரத்தில் எங்கும் கிடைக்கவில்லை. சனிக்கிழமை காலை டெல்மர் மரத்தில் கட்டிய என் வேட்டைப் பரணில் துப்பாக்கியில்லாமல் ஏறி உட்கார்ந்து, வெண்ணெய் தடவிச் சர்க்கரை தூவிச் சுருட்டிய லெஃப்சேயைத் தின்றுகொண்டே எனக்கு மான் காட்டினான். இரண்டு முறை காட்டினான். இரண்டும் பசுமாடு.