எதிர்வீட்டில் எரிந்த பல்பு

தறிக்கூடத்தின் இரைச்சல் ஒன்பது மணிக்குச் சட்டென்று நின்றபோது தனகோடிக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. கரண்ட் லைனை நிறுத்திவிட்டார்கள். இனி வேடியப்பன் மரம் ஏறலாம். ஐப்பசி மழைக்குள் ஆரணியில் கம்பியை உரசும் கிளைகளையெல்லாம் கழித்தாக வேண்டும். கரண்ட் ஆபீஸ் காண்டிராக்டரிடம் அவள் கணவனுக்குப் பதினோரு வருடமாக அதுதான் வேலை. இன்றைக்கு இதே தெருக்கோடியில் நிற்கும் புங்கமரம்.

காலையில் அவள் பயந்த முகத்தைப் பார்த்தே சிரித்தான். "டிரான்ஸ்பார்மர் ஃபியூஸ் மூணும் லைன்மேன் திருமலை அண்ணன் பையில இருக்கும். அவரு எனக்குக் கீழயே நின்னுகினு இருப்பாரு. கரண்ட் இன்னா பறந்தா வரும்?"

பறந்து வராது, திரும்பி வரும். அதையும் அவன்தான் ஒருநாள் சோறு தின்றுகொண்டே சொல்லியிருந்தான். அந்த வருடம் தினமும் மின்வெட்டு. தறி போட்டவர்களெல்லாம் ஜெனரேட்டர் வாங்கியிருந்தார்கள். மெயினை இறக்காமல் அதைப் போட்டால் கரண்ட் வீட்டு ஒயர் வழியாகவே கம்பத்துக்கு ஏறிவிடுமாம். சந்தவாசல் பக்கம் ஒருவன் அப்படித்தான் போனானாம். சொல்லிவிட்டு ரசம் கேட்டான். அன்றிலிருந்து எந்த ஜெனரேட்டர் உறுமினாலும் மெயினை இறக்கியாயிற்றா என்று கேட்காமல் அவளால் இருக்க முடியவில்லை.

முதலாளி குப்புராஜுக்குத் தீபாவளி ஆர்டர். "ரெண்டு மணி வரைக்கும் கைய கட்டிகினு உக்கார முடியுமா? ஒரே பேஜாரு" என்று பின்பக்கம் போனார். ஜெனரேட்டர் உறுமியது. தறிகள் கிளம்பின.

"மெயின இறக்கிட்டீங்களா மொதலாளி?"

"அதெல்லாம் அப்பவே இறக்கியாச்சு. நீ ஜல்தியா தார சுத்து. உன் புருஷன் மரம் வெட்றானா, கரண்ட் ஆபீஸையே ஆள்றானா?"

மற்ற பெண்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்து வைத்தாள். ஆனால் தார்க்குச்சியில் ஏறும் நூலைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தே சுற்றினாள். எதிர்வீட்டில் ஜெனரேட்டர் கிடையாது. அந்த வாசல் பல்பு மங்கலாகச் சிவந்து எரிந்துகொண்டிருந்தது.

"கரண்ட் வந்துட்ச்சு போல" என்றாள் பக்கத்திலிருந்தவள்.

தனகோடி எழுந்த வேகத்தில் தார்க்கூடை கவிழ்ந்தது. சுவரில் இரண்டு மெயின். தறிக்கானது இறங்கித்தான் இருந்தது. பின்னாலிருந்த முதலாளி வீட்டுக்கானது நிமிர்ந்து நின்றது. போன வாரம் மிக்சி ஓடட்டும் என்று அங்கேயும் ஜெனரேட்டர் ஒயரை இழுத்திருந்தார்கள். அது யாருக்கும் நினைவில்லை. வேலைக்காரர்கள் தொடக்கூடாத பெட்டி. பிடித்து இழுத்து இறக்கினாள். எதிர்வீட்டு பல்பு அணைந்தது. தறிகள் ஓடிக்கொண்டேயிருந்தன.

"இன்னாம்மா, யார கேட்டு கை வெச்ச?" என்று வந்த குப்புராஜ் பெட்டியைப் பார்த்தார்.

அவள் அதற்குள் தெருவில் ஓடிக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரம் எரிந்திருக்கும்? ஒரு தார் சுற்றும் நேரம். ஒன்றரைத் தார் இருக்குமா? அவன் கம்பிப் பக்கம் வராமல் மறுபுறக் கிளையில் இருந்திருக்கலாம். பீடி பற்றவைக்க நிறுத்தியிருக்கலாம். பச்சைக் கிளை கம்பியில் சாய்ந்தாலே போதும் என்று அவன் சொன்னதை நினைக்காமலிருக்கப் பார்த்தாள்.

புங்கமரத்தடியில் திருமலை அண்ணாந்து நின்றார்.

"அவரு எங்கண்ணே?"

"மேலதாம்மா. ரெண்டு வாட்டி கூப்ட்டுட்டேன், கொரலே வரல." அவர் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அரிவாள் சத்தம் இல்லை. காற்றும் இல்லை. உச்சியில் ஓர் இடத்திலிருந்து மட்டும் இலைகள் ஒவ்வொன்றாகக் கழன்று, கம்பிகளுக்கு நடுவே நுழைந்து, நிமிர்ந்திருந்த அவள் முகத்தின்மேல் விழுந்துகொண்டிருந்தன.