நான்காம் நாள் பிரிந்த காற்று

பணிமனையில் எல்லோருக்கும் அவள் டிரைவரம்மா. இருபத்திரண்டு வருடமாகப் பேருந்து ஓட்டுகிறவள். சிகரெட்டைக் கையால்கூடத் தொட்டதில்லை. ஆனாலும் இரண்டு வருடத்துக்கு முன்பு நுரையீரலில் புற்றுநோய் என்றார்கள். தினம் ஒரு மாத்திரை கொடுத்தார்கள். கட்டி சுருங்கியது, இருமல் நின்றது, அவளும் மறுபடி ஸ்டியரிங்கைப் பிடித்தாள்.

இந்த முறை வம்பு வயிற்றில் ஆரம்பித்தது. சாப்பிட்ட அரைமணியில் குடலை முறுக்கிப் பிழிவதுபோல் வலி. முகம் வெளுத்துப்போனது, நாலு படி ஏறினால் மூச்சு வாங்கியது. மாத்திரைச் சூடாகத்தான் இருக்கும் என்று அவளே தீர்ப்பு எழுதிக்கொண்டு, வெந்நீரைக் குடித்துக்குடித்து ஒரு மாதம் ஓட்டினாள். ஒருநாள் கடைசி நிறுத்தத்தில் வண்டியை ஓரங்கட்டி, கைப்பிரேக்கைப் போட்டு, பயணிகள் எல்லோரும் இறங்கிய பிறகுதான் வாந்தியெடுத்துச் சுருண்டு விழுந்தாள்.

ஸ்கேனைப் பார்த்த சர்ஜன் அம்மாள் சுற்றி வளைக்கவில்லை.

"நுரையீரல்ல இருந்த அதே நோய்தாம்மா, ரத்தத்தோட போய் சிறுகுடல்ல உக்காந்திருக்கு. இப்படி அபூர்வமாத்தான் நடக்கும். அங்க ரத்தம் கசியுது, வழியையும் அடைச்சிருக்கு. அந்தத் துண்டை எடுத்துட்டு ரெண்டு முனையையும் சேர்த்துத் தைக்கணும்."

தையல் என்றதும் அவள் கணவர் நிமிர்ந்தார். மனுஷன் டெய்லர். "டாக்டர், ரெட்டைத் தையலா போட்டுடுங்க," என்றார்.

"போட்டுடலாம்," என்றார் சர்ஜன். டிரைவரம்மாவுக்கு அழுகை வரவேண்டிய இடத்தில் சிரிப்பு வந்தது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஒரு சாண் குடலோடு போயிற்று. மூக்கில் குழாய், கையில் டிரிப்ஸ், வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. "காத்து பிரியணும்மா. பிரிஞ்சாத்தான் குடல் வேலைக்கு வந்துடுச்சுன்னு அர்த்தம். அப்புறம்தான் தண்ணி," என்று சொல்லிவிட்டார் சர்ஜன்.

அன்றிலிருந்து குடும்பமே காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தது. டெய்லர் கடையைப் பூட்டிவிட்டு வந்துவிட்டார். அவருடைய அக்கா கட்டில் பக்கத்தை விட்டு நகரவில்லை.

"ஏம்மா, இப்ப வந்துச்சே?"

"அது உங்க நாற்காலி அண்ணி."

இரண்டு நாள் போயிற்று, மூன்று நாள் போயிற்று. சர்ஜன் வந்து வயிற்றில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினார். டெய்லரின் முகத்தில் ஈயாடவில்லை. டிரைவரம்மாவுக்கு உள்ளூரப் பயம். திரும்பவும் வயிற்றைத் திறப்பார்களோ?

நான்காம் நாள் மாலை பணிமனை மேலாளர் பூங்கொத்தோடு வந்தார், பின்னால் ஐந்து ஓட்டுநர்கள். மேலாளருக்கு நாலு பேரைப் பார்த்தால் போதும், பேச்சு ஊற்றெடுத்துவிடும். தொண்டையைச் செருமினார்.

"நம்ம பணிமனையோட பெருமை நம்ம டிரைவரம்மா. அவங்களோட மன உறுதியை நினைக்கும்போது..."

அப்போது போர்வைக்குள்ளிருந்து நீளமாக, சந்தேகத்துக்கு இடமில்லாமல் ஒரு சத்தம்.

மேலாளர் அப்படியே நின்றுவிட்டார். மூக்கைப் பொத்துவதா, கேட்காததுபோல் பேச்சைத் தொடர்வதா என்று அவருக்குப் புரியவில்லை. அண்ணி துள்ளி எழுந்தாள்.

"பிரிஞ்சிடுச்சு! டாக்டரம்மாவைக் கூப்பிடுங்க, பிரிஞ்சிடுச்சு!"

பக்கத்துக் கட்டில்காரர்கள் கைதட்டினார்கள். டெய்லர் மேலாளரைக் கட்டிக்கொண்டு அழுதார். "ஐயோ, சிரிக்க வைக்காதீங்க, தையல் இழுக்குது," என்று டிரைவரம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாள். சர்ஜன் வந்து கேட்டுப் பார்த்துவிட்டு மூன்று ஸ்பூன் தண்ணீர் கொடுக்கச் சொன்னார். தண்ணீருக்கு இத்தனை ருசி உண்டென்று அன்றுதான் அவளுக்குத் தெரிந்தது.

வெட்டியெடுத்த துண்டைப் பரிசோதித்ததில் அவளுக்கு வேறொரு மாத்திரை பொருந்தும் என்று தெரிந்தது. "அடியோட போயிடுச்சுன்னு சொல்ல மாட்டேன். ஆனா அடக்கி வைக்கலாம்," என்றார் புற்றுநோய் மருத்துவர். மூன்று மாதம் கழித்து எடுத்த ஸ்கேனில் புதிதாக எதுவும் இல்லை, நுரையீரலில் மிச்சமிருந்த பழைய கட்டியும் இளைத்திருந்தது.

அவள் இன்னும் கொஞ்ச நாள் வண்டி ஓட்டக்கூடாது என்றதால் டெய்லரே கார் ஓட்டக் கற்றுக்கொண்டார். ஸ்கேன் பார்த்துத் திரும்பும்போது சிக்னலில் பச்சை விழுந்தும் வண்டி நின்றுபோனது. பின்னால் பத்து ஹாரன்கள்.

"பதறாதீங்க. கிளச்சை மிதிங்க, கியரை எடுங்க," என்றாள் அவள்.

"பசிக்குதுன்னியே, அதான் அவசரப்பட்டுட்டேன்."

"ஆமா, நல்லாப் பசிக்குது. அவங்க அடிச்சா அடிக்கட்டும், நீங்க மெதுவா எடுங்க."