கம்பளம் வாங்க வந்தவரின் கண்

ஜவுளிக்கடைக்காரர் மகள் என்பதால் ஒன்று அவளுக்கு ரத்தத்திலேயே ஊறியிருந்தது. பிடித்த சரக்கைப் பிடித்த மாதிரி பார்க்கக் கூடாது. இப்போது அருங்காட்சியகத்துக்குப் படம் வாங்குவது அவள் வேலை. மின்கட்டணம் கட்ட வரிசையில் நிற்கிற முகத்தோடு அந்த ஓவியத்தின் முன் நின்றாள்.

கிழக்கத்திய நாடுகளைச் சுற்றிப் பார்க்க வந்த ஐரோப்பியர் ஒருவர் எப்போதோ தீட்டியது. சந்தையில் கடைக்காரர் கம்பளம் விரிக்கிறார். தலைப்பாகைக்காரர் ஒருவர் வாங்க நிற்கிறார். அருங்காட்சியகம் அடுத்து நடத்தப்போகும் கண்காட்சிக்கு இது இல்லாமல் ஆகாது. அவளிடம் இருந்த தொகையோ, விற்பவர் கேட்டதில் பாதி.

விற்பவர் ஓய்வுபெற்ற பல் டாக்டர். படம் காலமான அண்ணனுடையது.

அவள் குறை சொல்ல ஆரம்பித்தாள். எந்தக் கடைக்காரனும் தெருவுக்கு முதுகைக் காட்டி உட்கார மாட்டான். அடுத்த கிராக்கி கைநழுவிப் போகும். இருப்பதிலேயே உசத்தியானதை எடுத்த எடுப்பில் விரிக்கவும் மாட்டான். ஓரத்தில் அரைகுறை உடையில் சிரிக்கும் பெண்ணுக்குச் சந்தையில் ஒரு வேலையும் இல்லை. படத்தைக் காசு கொடுத்து வாங்கப் போகிற சீமான்களுக்காக நிற்கிறாள். மொத்தத்தில், தொலைவில் இருந்தவர்களின் ஆசைக்குப் போட்ட சந்தை இது என்றாள்.

டாக்டரின் முகம் மலர்ந்துகொண்டே போனது. அண்ணனிடம் காலமெல்லாம் இதைத்தான் சொல்லித் தோற்றாராம்.

"உங்க விலைக்கே தர்றேம்மா. ஆனா பக்கத்துல மாட்டுற அட்டைல, எல்லாமே கட்டுக்கதைன்னு நீங்க எழுதணும்."

தலையாட்டினால் காரியம் முடிந்தது. தலைதான் ஆட மறுத்தது.

ஒன்றை மட்டும் அவள் வேண்டுமென்றே தாண்டி வந்திருந்தாள். வாங்க வந்தவரின் விரல்கள் கம்பளத்தின் ஓரத்தை விடவே இல்லை. கண்கள் மட்டும் மூலையில் கிடக்கும் ஒரு தகரக் குவளையைப் பார்க்கின்றன. கம்பளத்தின் மேல் உயிரை வைத்தவர்தான் குவளையை அப்படிப் பார்ப்பார். வீட்டில் உட்கார்ந்து யோசித்து இதை வரைய முடியாது. ஓவியர் ஏதோ ஒரு கடையில் நின்றிருக்கிறார், அநேகமாக ஏமாந்தும் இருக்கிறார்.

"எல்லாமேன்னு எழுத முடியாது டாக்டர். குவளையப் பாக்குற இந்தக் கண்ணு நிஜம். எங்கப்பா கடைல தினம் பாத்திருக்கேன்."

அவர் குனிந்து நெடுநேரம் பார்த்தார். அண்ணனும் அந்தக் குவளையைத்தான் சுட்டிக் காட்டுவாராம்; இவர் ஒருநாளும் கிட்டே போனதில்லை. நிமிர்ந்தபோது வேறு ஆளாக இருந்தார்.

"அப்ப விலையக் கொஞ்சம் யோசிக்கணுமே."

விலை படியச் சாயங்காலமாயிற்று. பாதியும் இல்லை, முழுதும் இல்லை. மிச்சத்துக்குக் கண்காட்சி விளக்குச் செலவில்தான் கைவைக்க வேண்டும். அட்டையில் முதல் வரியே கண்ணைப் பற்றி இருக்க வேண்டும் என்பது டாக்டர் கடைசியாகச் சேர்த்த நிபந்தனை. அதற்கு மட்டும் அவள் பேரம் பேசவில்லை.