கத்தரி படாத கம்பி

காலையில் கிடங்கறையைத் திறந்தால் பித்தளைக் கம்பி மறுபடியும் அறுந்து கிடக்கிறது. கத்தரி பட்ட தடம் இல்லை, குறடு கடித்த காயம் இல்லை. சாவியோ என் தலையணைக்கு அடியில். நான் என்னதான் சொல்வது?

கம்பிப் பட்டறை மச்சானுடையது, அதாவது என் மனைவியின் அண்ணனுடையது. நான் அங்கே வேலைக்காரன், வீட்டில் வீட்டோடு மாப்பிள்ளை. இரண்டு பக்கமும் இடி.

"சாவி உன்கிட்டதானே மாப்ள இருக்கு?"

"இருக்கு. அதுக்காக நான் வெட்டினேனா? எனக்கென்ன கிறுக்கா புடிச்சிருக்கு?"

"அப்ப கம்பி தானா அறுந்துக்குமா?"

மச்சான் குடும்பத்துக்கு 'ஊஞ்சல்காரர் வீடு' என்று பெயர். அவருடைய பாட்டனார் இடுப்பு வாரில் குறட்டைக் கட்டி, ஊஞ்சலில் உட்கார்ந்து, காலால் உந்திப் பின்னால் போகும் வேகத்திலேயே இரும்புத் தகட்டின் துளை வழியாகக் கம்பி இழுத்தவராம். சல்லடை, கொண்டை ஊசி, தந்தி வாத்தியம் எல்லாவற்றுக்கும் அந்தக் கம்பிதான். இப்போது மோட்டார் இழுக்கிறது. முறை மாறவில்லை. இழுக்க இழுக்கக் கம்பி விறைக்கும், நெருப்பில் காட்டினால் இளகும். சல்லடைக் கம்பியை இளக்கித்தான் விற்போம். வாத்தியக் கம்பியை விறைப்பாகவே விடுவோம், இல்லாவிட்டால் நாதம் வராது.

வினை அங்கேதான் வந்தது. பக்கத்திலேயே கிடந்த சல்லடைக் கம்பிக்கு ஒன்றும் ஆகவில்லை, வாத்தியக் கம்பி மட்டும் அறுந்தது.

"விலை தெரிஞ்ச கை இது" என்றார் மச்சான்.

நியாயமாகத்தான் பட்டது! எலிக்கு விலை தெரியுமா? எனக்கு மண்டை காய்ந்தது.

ராத்திரியில் அந்த அறைக்கு யாரும் போவதில்லை. பகலில் என் மனைவி மட்டும் போவாள். விடாத மழை, கைக்குழந்தையின் மூத்திரத் துணிகளை வேறெங்கே காயப்போடுவது? உள்ளே போனால் நெடி கண்ணைக் கரிக்கும்.

கடைசியில், வழக்கமாக வாங்கும் வாத்தியக்காரர் வேறு பட்டறைக்குப் போய்விட்டார். "ஆமை புகுந்த வீடு" என்று மச்சான் ஆரம்பித்ததுமே நான் சாவியை விட்டெறிந்தேன். பெட்டி, தொட்டில், குழந்தையோடு வாடகை அறைக்குக் குடிபோனோம்.

நாங்கள் போன பிறகு ஒரு கம்பிகூட அறவில்லையாம். இதற்கு என்ன சொல்வீர்கள்? எனக்கே என்மேல் சந்தேகம் வந்துவிட்டது.

"நான் தூக்கத்துல எந்திரிச்சு நடக்கறேனா?" என்று மனைவியிடம் கேட்டேன்.

"கும்பகர்ணன் மாதிரி தூங்கறீங்க" என்றாள். சிரிக்கவில்லை.

ஒரு நாள் மச்சான் வந்தார். கோபம் என்மேல்தானே, தங்கை மகள்மேல் இல்லையே. குழந்தையை மடியில் வாங்கிக்கொண்டு துணிக்கொடிக்குக் கீழே உட்கார்ந்தார். பட்டறையில் மிச்சமான வாத்தியக் கம்பியைத்தான் என் மனைவி கொடியாகக் கட்டியிருந்தாள். நான் தண்ணீர்ச் செம்போடு வாசற்படியில் நின்றேன்.

டிங்கென்று ஒரு சத்தம். கொடி அறுந்து ஈரத்துணி மொத்தமும் மச்சான் தலையில் விழுந்தது.

அவர் துணியை விலக்கினார். கம்பி நுனியைப் பார்த்தார், துணியை முகர்ந்தார், தூரத்தில் நின்ற என்னைப் பார்த்தார்.

"அங்கயும் இதத்தானே காயப்போட்டே?" என்று தங்கையிடம் கேட்டார்.

"ஆமாண்ணே."

"பிள்ளை மூத்திர நெடி பித்தளையை அறுக்குமா?"

யாருக்குத் தெரியும்? அறுத்திருக்கிறதே! விறைத்த கம்பியை அறுத்துவிட்டு இளகியதை ஏன் விட்டது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. பழி ஓரிடம், பாவம் ஓரிடம். பாவம் செய்தவளோ மச்சான் மடியில் கையைக் காலை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

மச்சான் இடுப்பிலிருந்து சாவியை எடுத்து நீட்டினார். "தப்பு என்னுதுதான் மாப்ள. வந்துடு."

எத்தனை நாள் காத்திருந்தேன் இதற்கு! ஆனால் கை போகவில்லை. மனைவியைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீயும் நான்தான்னு நெனச்சியா?"

அவள் குனிந்து, விழுந்த துணிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். இல்லை என்று சொல்லவில்லை.